பெட்ரோலில் ஒரு மூடி

ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ 1876இல் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை ஓட்டிக் காட்டியதிலிருந்து, ஐரோப்பாவில் எஞ்சின் செய்ய ஆசைப்பட்ட அத்தனை பேருக்கும் ஒரே தலைவலி. அவருடைய காப்புரிமையில் சிக்காமல் செய்தாக வேண்டும். பிஸ்டன் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கினால் ஒரு வெடிப்பு என்பது ஓட்டோவின் கணக்கு. ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கினாலே ஒரு வெடிப்பு என்று 1878இல் அதை மாற்றிப் போட்டார் ஸ்காட்லாந்துக்காரர் டூகால்ட் கிளர்க். ஆனால் எரிபொருளை உள்ளே தள்ள அவருக்குத் தனியாக இன்னொரு சிலிண்டர் தேவைப்பட்டது. அதை ஒழித்துக்கட்ட ஒருவர் வரும்வரை டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கையில் தூக்கிப் போகும் அளவுக்குச் சின்னதாக வழியே இல்லை.

வந்தவர், இங்கிலாந்தின் பாத் நகரத்தில் தொழிற்கூடம் வைத்திருந்த ஜோசப் டே. 1891இல் அவர் பதிவு செய்த காப்புரிமையின் அழகு அதன் எளிமையில் இருந்தது. பிஸ்டனுக்கு மேலே வெடிப்பு நடக்கும்போது கீழே கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸ் சும்மாதானே கிடக்கிறது, அதையே பம்ப்பாக வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்தார். பிஸ்டன் ஏறும்போது கீழே எரிபொருளும் காற்றும் நுழையும்; இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு மேலே பாயும். அடுத்த ஆண்டே அவரிடம் வேலை பார்த்த ஃபிரெடெரிக் காக், பிஸ்டனின் ஓரமே கதவு போலத் துளைகளைத் திறந்து மூடும்படி செய்துவிட்டார். வால்வே வேண்டாம். பிஸ்டன், இணைப்புத் தண்டு, கிராங்க் என மூன்றே மூன்று பொருள்கள் அசைந்தால் போதும். இத்தனை மலிவாகக் கிடைத்த வரத்துக்குள் ஒரு சாபமும் ஒளிந்திருந்தது.

ஓட்டோவின் வழியில் பின்னாளில் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்களில் கிராங்க் கேஸ்தான் எண்ணெய்த் தொட்டி. அடியில் தேங்கி நிற்கும் எண்ணெய் தெறித்துத் தெறித்து எல்லாப் பாகங்களையும் நனைக்கும். டேயின் எஞ்சினிலோ அந்த இடம் எரிபொருள் போகும் பாதையாகிவிட்டது. அங்கே எண்ணெயைத் தேக்க முடியாது. சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துவிடுவது என்று வழக்கமாயிற்று. இரும்பை வழுக்கவைக்க உள்ளே போன எண்ணெய், வேலை முடிந்ததும் மேலே போய்ப் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்தாக வேண்டும். எண்ணெய் அவ்வளவு சுலபத்தில் முழுசாக எரிகிற பொருள் இல்லை.

டே அந்தத் தொல்லையைப் பார்க்கத் தொழிலில் இருக்கவில்லை. அவருடைய தொழில் நொடித்துப் போனது. அமெரிக்க உரிமத்தில் வந்த பணத்தைப் பின்னாளில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கம் பெட்ரோலியம் தேடுவதில் கொட்டினார். 1946இல் யாரும் கவனிக்காத மனிதராக இறந்தார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பைத் தேடி லண்டன் அறிவியல் அருங்காட்சியகமே பொதுமக்களிடம் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் அவருடைய எஞ்சின் அதற்கு வெகுகாலம் முன்பே அமெரிக்கக் கரையேறி, கனெக்டிகட் மாநிலத்துப் பாமர் சகோதரர்கள் கையில் படகு எஞ்சினாக மாறி ஆயிரக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தது. அதைப் படகுக்கு உள்ளேயிருந்து வெளியே கொண்டுவந்ததில் ஓர் ஐஸ்கிரீமுக்குப் பங்கு உண்டு என்று சொல்வார்கள்.

நார்வேயிலிருந்து விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த ஓலே எவின்ரூட், 1906 வாக்கில் ஒரு கோடை நாளில் ஒகௌச்சி ஏரியில், வருங்கால மனைவி பெஸ்ஸுக்காக ஐஸ்கிரீம் வாங்கத் துடுப்புப் போட்டுப் போனார். திரும்பி வருவதற்குள் அது உருகிவிட்டது. கதை எவ்வளவு நிஜமோ, எஞ்சின் நிஜம். இதற்குள் கேமரன் வாட்டர்மன் என்பவர் படகின் பின்பக்கம் மாட்டும் மோட்டாரை விற்கத் தொடங்கியிருந்தார். ஆனால் ஊர் ஊராகப் பரவியது 1909இல் எவின்ரூட் விற்பனைக்கு விட்ட மோட்டார்தான். ஒன்றரைக் குதிரைத்திறன், 62 பவுண்டு எடை, 62 டாலர் விலை. முதலில் அதைப் பார்த்த பெஸ், காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் மாதிரி இருக்கிறது என்றாராம். அதே பெஸ்தான் துடுப்பைத் தூக்கிப் போடச் சொல்லும் விளம்பரத்தை எழுதி ஆர்டர்களைக் குவியவைத்தார். ஆர்டர்களுக்குப் பின்னாலேயே புகார்களும் வந்தன.

எஞ்சினைத் திறந்து பார்த்தால் உள்ளே கரி. பிஸ்டனின் தலையில், பால் அடிப்பிடித்த பாத்திரம் போல, சுரண்டினாலும் விடாத கறுப்பு ஏடு. புகை வெளியேறும் துளையின் ஓரங்களில் அதே கரி வளர்ந்து வழியை அடைத்திருக்கும். ஸ்பார்க் பிளக்கின் முனையில் ஈரக் கறுப்பு. எல்லாவற்றையும்விட மோசம், ரிங் உட்காரும் காடியில் படிவது. பிஸ்டனைச் சுற்றியுள்ள அந்த மெல்லிய இரும்பு வளையம் தன் காடிக்குள் இறுகாமல், லேசாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் அது விரிந்து சிலிண்டர் சுவரைத் தழுவும். காடிக்குள் கரி புகுந்தால் வளையம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் வெடிப்பின் சூடான வாயு பக்கவாட்டில் கீழே இறங்கும். இறங்கும் வாயு சுவரிலிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கருக்கும். அதற்குப் பிறகு நடு ஏரியில் ஒரு கீச்சொலி கேட்கும். பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். கரியைச் சுரண்டுவது தவிர அன்றைக்கு வேறு வைத்தியம் இல்லை. கரி விடாத எண்ணெய் ஒன்றைத் தேடத் தொடங்கினார்கள்.

தேடல் முதலில் போய் நின்ற இடம் ஆமணக்கு. தருமபுரிப் பக்கம் நிலக்கடலைக் காட்டின் வரப்போரத்தில் இன்றும் நிற்கிற அதே செடி. அதன் எண்ணெய் எத்தனை சூட்டிலும் இரும்பைவிட்டு விலகாது. பெட்ரோலிலும் லேசில் கரையாது. லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டின் நிறுவனம் 1909இல் அதைக் கலந்த காஸ்ட்ரால் எண்ணெயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் உலகப் போரில் விமானங்களின் சுழல் எஞ்சின்கள் ஆமணக்கெண்ணெயைக் குடித்துக் குடித்துத் துப்பின. தேவை தாளாமல் அமெரிக்க அரசு தன் விவசாயிகளை ஆமணக்கு பயிரிடவைத்தது. விதை இந்தியாவிலிருந்து கப்பல் ஏறியது. வழுக்குவதில் ஆமணக்கை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் சூட்டில் வெந்த ஆமணக்கெண்ணெய் பிஸ்டனில் பிசினாக இறுகியது. கரிக்குப் பதில் பிசின். பழைய வியாதி புதுப் பெயரில் திரும்பியிருந்தது.

இதற்கிடையில் எரிபொருளின் பக்கமிருந்தே இன்னொரு குண்டு விழுந்தது. 1921 டிசம்பர் 9 அன்று, ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, எஞ்சினில் வரும் இடிசத்தத்தை ஈயக் கலவை ஒன்று நிறுத்திவிடுவதைக் கண்டார். மூன்று வருடத்தில் அந்த ஈயத்தைத் தயாரித்த நியூஜெர்சி ஆலையில் தொழிலாளர்கள் நஞ்சேறி, புத்தி பேதலித்துச் செத்தார்கள். இருந்தும் ஈய பெட்ரோல் உலகமெங்கும் பரவியது. எரிந்த ஈயம் வால்விலும் பிளக்கிலும் படிந்து நாசம் செய்தபோது, அதைக் கழுவ புரோமின் சேர்ந்த இன்னொரு ரசாயனத்தைப் போட்டார்கள். அதற்கான புரோமினைக் கடல் நீரிலிருந்தே பிரித்தெடுக்க வட கரோலினாக் கரையில் 1934இல் ஓர் ஆலையே எழுந்தது. பெட்ரோலுக்குள் ஒன்றைக் கலந்து எஞ்சினுக்குள் படிவதை விரட்டலாம் என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது. 1953இல் ஷெல் நிறுவனம், ஈயப் படிவு கனன்று எரிவதைத் தடுக்க டிசிபி என்ற பாஸ்பரஸ் கலவையை விளம்பரப்படுத்தி விற்றது. கார்களுக்கு இதெல்லாம் சரி. ஏரிப் படகுக்காரர்களோ பிளக் கெடாமல் இருக்க ஈயமில்லாத வெள்ளை பெட்ரோலைத் தேடி அலைந்தார்கள். கரியைத் தீர்க்கும் மருந்து அவர்களுக்குக் கிடைத்துவிட்டது போலத் தோன்றியது வேறொரு இடத்தில், மண் தள்ளும் டிராக்டர்களில்.

கேட்டர்பில்லர் நிறுவனத்தின் டீசல் எஞ்சின்களிலும் ரிங் ஒட்டிக்கொள்ளும் நோய் இருந்தது. 1935இல் கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம், உலோகச் சோப்பு ஒன்றைக் கலந்த டெலோ என்ற எண்ணெயைக் கொண்டுவந்தது. சோப்பு துணியழுக்கைப் பிடித்து நீரில் மிதக்கவிடுவதைத்தான் அது கரிக்குச் செய்தது. துகள்களைப் படியவிடாமல் எண்ணெயில் மிதக்கவைத்தது. டீசல் எஞ்சின்கள் பிழைத்தன. பிற்பாடு கார் எண்ணெய்களிலும் கால்சியம், பேரியச் சோப்புகள் ஏறின. அதே எண்ணெயைப் படகு மோட்டாரின் பெட்ரோலில் கலந்தவர்களுக்குத்தான் பேரிடி.

காரில் எண்ணெய் எரிவதில்லை, கீழே சுற்றிவருகிறது. டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் எரிகிறது. எண்ணெயோடு உலோகமும் எரிந்தால் மிஞ்சுவது சாம்பல். படகு மோட்டாரின் பிழைப்பும் தனி ரகம். சில்லென்ற ஏரி நீரே அதன் சிலிண்டரைக் குளிர்விக்கும். மீன் தேடி மணிக்கணக்கில் மெல்ல ஊரும்போது எண்ணெயும் சாம்பலும் பிஸ்டனின் தலையில் குவியும். பிறகு கரை திரும்ப முழு வேகத்தில் முடுக்குவார்கள். குவிந்த சாம்பல் செக்கச்செவேலெனக் கனலும். பிளக் பொறி விடுவதற்கு முன்பே அந்தக் கங்கு எரிபொருளைப் பற்றவைக்கும். சில நிமிடங்களில் அலுமினியப் பிஸ்டனின் நடுவே ஓட்டை. கரியைத் துரத்த வந்த மருந்தே எஞ்சினைக் கொன்றது. உலோகமே இல்லாமல் சோப்பு செய்ய முடியுமா என்பது வேதியியலாளர்கள் முன் வந்து நின்ற கேள்வி.

1950களின் இறுதியிலும் 60களிலும் விடை வந்தது, இரண்டு வழியாக. ஒன்று, பாலிபியூட்டீன் என்ற நீண்ட எண்ணெய் வால். அதன் தலையில் நைட்ரஜன் உள்ள அமீன். தலை கரித்துகளைக் கவ்வும், வால் அதைத் திரவத்தில் மிதக்கவைக்கும். இரண்டாவது, ஐசோஸ்டீரிக் அமிலத்தை அமீனோடு சேர்த்தது. அந்த அமிலம், வேறொன்றைத் தயாரிக்கும்போது மிஞ்சிய உபபொருள். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் தவிர வேறெதுவும் இல்லாததால் இவை எரிந்தால் எல்லாமே வாயுவாகப் போய்விடும், சாம்பல் இல்லை. எண்ணெய்க் கலவையின் அளவும் குறைந்துகொண்டே வந்தது. பதினாறு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு என்றிருந்தது 24 ஆகி, 60களில் ஐம்பதுக்கு ஒன்று என்று வந்து நின்றது. அமெரிக்கப் படகுத் தொழில் சங்கம், நீர் குளிர்விக்கும் டூ ஸ்ட்ரோக்குக்குத் தகுந்த எண்ணெய் இதுதான் என்று டிசி-டபிள்யூ முத்திரை கொடுக்கத் தொடங்கியது. இந்தக் கதையில் நியாயமாகக் கொண்டாட வேண்டிய ஆட்கள், பெயர் வெளியே தெரியாத இந்த ஆய்வுக்கூடத்துக்காரர்கள்தான் என்று தோன்றுகிறது. பெயரும் புகழும் என்னவோ ஒரு பலூனுக்குப் போய்ச் சேர்ந்தன.

1970இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்த விளம்பரம் வந்தது. காரின் புகைக்குழாயில் தெளிவான பலூன் ஒன்றைக் கட்டினார்கள். அது கறுத்துப் போனது. செவ்ரான் பங்க்கில் விற்ற எஃப்-310 கலந்த பெட்ரோலை ஊற்றி ஓட்டிய பிறகு மறுபடி கட்டினார்கள். பலூன் பளிச்சென்று நின்றது. பேசியவர் முன்னாள் விண்வெளி வீரர் ஸ்காட் கார்பென்டர். எஃப்-310 என்பது அதே பாலிபியூட்டீன் அமீன் குடும்பம்தான். கார்புரேட்டரை அது நிஜமாகவே சுத்தம் செய்தது. ஆனால் விளம்பரம் காட்டியது மிகை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, ஏமாற்று என்று தீர்ப்பும் சொன்னது. பெட்ரோலில் ஊற்றும் மருந்து என்றாலே மக்கள் முகம் சுளிக்கும் நிலை வந்தது. 1981இல் அதே நிறுவனம் பாலிஈதர் அமீன் என்ற அடுத்த தலைமுறையைக் கொண்டுவந்தபோது, அது எஞ்சினின் உள்ளறைக் கரியையே கரைத்து எடுத்தது. இந்தத் தடவை பொருள் நிஜம்.

அதற்குள் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் தருமபுரி மாவட்டத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. ஓசூர் அன்று தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004இல். 1980இல் ஓசூர் ஆலையிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளியே வந்தது. கடலை மூட்டை, பால் கேன், ரெண்டு பிள்ளைகள், ஒரு மனைவி என எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பென்னாகரம் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு ஏறியது அது. பங்க்கில் பெட்ரோலோடு 2டி ஆயில் என்ற டூ ஸ்ட்ரோக் எண்ணெயை ஊற்றிக் கொடுப்பார்கள். கைக்கு வந்ததை ஊற்றுவார்கள் என்பதே சரி. டின்னில் மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்ற எண்ணெயில் என்ன கலந்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. குறைவாக ஊற்றினால் பிடித்துக்கொள்ளும் என்ற பயத்தில் கூடுதலாக ஊற்றினார்கள். மாதம் ஒரு தடவை பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பதும், இழுவை குறைந்தால் மெக்கானிக் சைலன்ஸரைக் கழற்றித் தீயில் போட்டு உள்ளே அடைத்த கார்பனை எரித்து எடுப்பதும் அன்றாடக் காட்சி. எவின்ரூட் காலத்து ஏரிக்கரை வைத்தியம், எண்பது வருடம் கழித்து தார்ச்சாலை ஓரத்தில் அப்படியே நடந்தது.

மாற்றம் டெல்லிப் புகையால் வந்தது. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தலைநகரில் சில்லறை 2டி ஆயிலை அந்த ஆண்டு இறுதிக்குள் நிறுத்தி, பங்க்கிலேயே அளவாகக் கலந்து தர உத்தரவிட்டது. 1999 ஏப்ரலில் நாடு முழுக்கக் குறைபுகை எண்ணெய் கட்டாயமாயிற்று. அந்தக் குறைபுகை எண்ணெயின் ரகசியம் வேறொன்றுமில்லை, படகு மோட்டாருக்காகக் கடைந்தெடுத்த அதே பாலிபியூட்டீன். சூடு பட்டால் கரியாக இறுகாமல் துண்டு துண்டாக அறுந்து வாயுவாகிவிடும் குணம் அதற்கு. ஒரு வேறுபாடு மட்டும் நின்றது. காற்று குளிர்விக்கும் மொபெட் எஞ்சின் கொதிக்கக் கொதிக்க ஓடுவதால், அதன் எண்ணெயில் கொஞ்சம் உலோகச் சோப்பு இருக்கலாம், இருப்பது நல்லதும்கூட. படகு மோட்டாரின் எண்ணெயில் அது கூடவே கூடாது. இந்த வேறுபாட்டுக்குத் தமிழகக் கரையோரத்தில் கொடுத்த விலை அதிகம்.

ஏனென்றால் அங்கே இன்னொரு வில்லன் காத்திருந்தது: மண்ணெண்ணெய். கட்டுமரங்களும் வள்ளங்களும் எண்பதுகளில் மோட்டார் மாட்டத் தொடங்கின. 2004 சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் கரையெங்கும் பெருகின. பெட்ரோல் கட்டுப்படியாகாது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் எஞ்சின்கள்தான் பிழைப்புக்கு வழி. மண்ணெண்ணெய் பெட்ரோல் போலச் சட்டென்று ஆவியாகாது. எரிந்ததுபோக மிஞ்சுவது ரிங் காடியில் போய் உட்காரும். அதோடு விலை மலிவென்று மொபெட்டுக்கான 2டி ஆயிலையும் கலந்தால், சாம்பலும் கரியும் கைகோத்துக்கொள்ளும். கரைக்குத் திரும்ப முடுக்கும் நேரத்தில் பிஸ்டனில் ஓட்டை விழுவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

அமெரிக்காவிலும் 80களில் படகு எஞ்சின்கள் ரிங் ஒட்டிப் பழுதாகிக்கொண்டிருந்தன. 1988இல் முத்திரையை இறுக்கினார்கள். 90களின் தொடக்கத்தில் டிசி-டபிள்யூ3 என்று மறுபடி இறுக்கினார்கள். எண்ணெயால் மட்டும் முடியாது என்று தெரிந்தபோது, மோட்டார் நிறுவனங்கள் அந்தப் பாலிஈதர் அமீன் வழிக்கே திரும்பிச் சின்னக் குப்பிகளில் அடைத்தன. யமஹாவின் ரிங் ஃப்ரீ என்ற பெயரே எந்த இடத்தைக் குறிவைக்கிறது என்று சொல்லிவிடும். படகுப் பெட்டியில் ஸ்பேனருக்கும் பிளக்குக்கும் நடுவே உருண்டுகொண்டு கிடக்கும் குப்பி, பெட்ரோலில் ஒரு மூடி ஊற்றிவிட்டு யாரும் இரண்டாவது தடவை நினைக்காத குப்பி, அதுதான். டேயின் கிராங்க் கேஸ், ஆமணக்குப் பிசின், மிட்ஜ்லியின் ஈயம், டிராக்டர் சோப்பு, பொய் சொன்ன பலூன் எல்லாம் சேர்ந்து பெற்ற பிள்ளை.

மொபெட் இந்தக் கதையிலிருந்து இறங்கிவிட்டது. ஓசூர் ஆலை 2015இல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100ஐக் கொண்டுவந்தது. 2டி ஆயில் கேட்பவர்கள் அருகிவிட்டார்கள். படகு மோட்டாரில் டூ ஸ்ட்ரோக் இன்னும் ஆயுள் முடியாமல் இருக்கிறது. வெள்ளக் காலத்து மீட்பு ரப்பர் படகுகளை எடுத்துக்கொண்டால், 2018 ஆகஸ்டில் ஒகேனக்கலில் வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது போல, பரிசலே கரையேறிவிடும் நாளில்தான் அவற்றுக்கு வேலை. வருடத்தில் பெரும்பகுதி சும்மா கிடந்துவிட்டு, ஒரே நாளில் முழு வேகத்தில் ஓட வேண்டிய எஞ்சின் அது. தொட்டியில் பழசான பெட்ரோல் பிசினாகியிருந்தால், காடியில் கரி இறுகியிருந்தால், கயிற்றை எத்தனை தடவை இழுத்தும் பயனில்லை. கரி படியும் முன்பு ஒவ்வொரு தொட்டிக்கும் சிறிதளவு ஊற்றிவந்தால் குப்பி காப்பாற்றும். கல்லாக இறுகி வளையம் ஒட்டிய பிறகு ஊற்றினால் ஒன்றும் நடக்காது. எஞ்சினைப் பிரித்துச் சுரண்டுவதுதான் வழி, 1909இல் போலவே.

குப்பிக்கும் இப்போது அடுத்த சோதனை வந்திருக்கிறது. 2025இல் நாடு முழுக்கப் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. கரும்புப் பாகிலிருந்தும் தானியத்திலிருந்தும் வருகிற இந்த எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆற்றிலும் கடலிலும் நிற்கும் படகின் தொட்டிக்குள் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நீர் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். எரிபொருள் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். எண்ணெயோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். எண்ணெயில்லாத திரவம் கிராங்க் கேஸுக்குள் நுழைந்தால் பிஸ்டன் வறண்டு ஓடும். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் மருந்தும் கரியைக் கழுவும் மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த குப்பிகள் ஏற்கெனவே கடைகளில் வரிசைகட்டத் தொடங்கிவிட்டன.